அரைமணி நேரம் படுக்கக் கூடாது

கலாமாவில் மழை என்பது
யாரோ சொன்ன கதை.
செப்புச் சுரங்கத்தில், நானூறு டன் சுமக்கும் லாரிகளின் அடியில்
மல்லாந்து கிடந்து கிரீஸ் அடிப்பது
ஃபெர்மின் கோல்கேயின் வேலை. பதினாறு வருடம்.
எந்த மூட்டு எப்போது வறளும் என்று
கைக்குத் தெரியும்.

கண்தான் பிடிபடவில்லை.
விடிந்தால் இமைகள் ஒட்டிக்கிடக்கும்,
பகலெல்லாம் மணல் அறுக்கும்,
காற்றுப் பக்கம் திரும்பினால் பொலபொலவென்று நீர்.
"வீட்டில் ஏதும் துக்கமா?" என்றான் மேஸ்திரி.
இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லி
கடைசியில் அவனுக்கே சந்தேகம்.

டாக்டர் மாருசிச் இமையைப் புரட்டி
பஞ்சுக் குச்சியால் அழுத்தினாள்.
எண்ணெயாய் வரவேண்டியது
பற்பசையாய் வந்தது.
"உன் கண் வறண்டுவிட்டது. அதனால்தான் இத்தனை கண்ணீர்.
மேலே எண்ணெய் படராத நீர் நிற்காது."
திரையில் பெரிதாய் இமையோரம்:
வரிசையாய் நுண்துளைகள், எல்லாம் அடைத்து.
அவனுக்குச் சிரிப்பு வந்தது.
"இதை நாங்கள் கழற்றி வேறு மாட்டுவோம், டாக்டர்."
"இதற்கு உதிரிபாகம் கிடையாது."

டாக்ஸிசைக்ளின், ஆறு வாரம்.
பாலோடு வேண்டாம்.
வெயில் படாமல் இரு
(அட்டகாமாவில்!).
ஒரு தம்ளர் தண்ணீர், முழுதாக.
விழுங்கியபின் அரைமணி நேரம் படுக்கக் கூடாது,
மாத்திரை தொண்டையில் நின்றால் புண்ணாகும்.

கோதுமை அடைத்த துணிப்பையை
நோல்ஃபா மைக்ரோவேவில் சுடவைத்து
தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்து
அவன் கண்மேல் வைப்பாள். பத்து நிமிடம்.
பிறகு மேலிமையைக் கீழே, கீழிமையை மேலே நீவி
ஈரத்துணியால் ஓரம் துடைக்க வேண்டும்.
முதல் இரவு கிரீஸ் துப்பாக்கி பிடித்தவன்போல் அழுத்தினான்.
கையில் ஓர் அடி விழுந்தது.
"லாரி இல்லை இது."

அவன் வருகையில் அவள் கிளம்பும் ஷிப்டு அவர்களுக்கு.
இப்போது சமையலறையில் இரண்டு நாற்காலி,
கண்மூடி ஒருவன்.
மின்கட்டண ரசீதை வாசித்தாள்.
எதிர்வீட்டு நாயைத் திட்டினாள்.
மூன்றாம் வாரம், அதே குரலில்:
"போன வருடம் மார்பில் ஒரு கட்டி.
அந்தோஃபகாஸ்தாவுக்குத் தனியாய் பஸ்ஸில் போய்ச்
சோதித்துக்கொண்டு வந்தேன். ஒன்றுமில்லை என்றார்கள்."
"ஏன் சொல்லவில்லை?"
"தூங்கிக்கொண்டிருந்தாய்."

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
பார்த்திருக்க வேண்டும் என்பார்கள் என் மொழியில்.
அவன் மொழியில் என்னவோ.
பையின் அடியில் ஈரம் கசிந்தது.
நோயா, வேறா,
அவள் கேட்கவில்லை.
கோதுமை லேசாய்த் தீய்ந்த வாசனை.
இன்னும் பதினோரு நிமிடம் இருந்தது.