தன்மை ஒருமை

டண்டினோங் சந்தையின் கார் நிறுத்தத்தில்
கண்ணாடிகளை ஏற்றிவிட்டு அழைப்பை எடுத்தேன்.
ஜனவரி வெயில். பின்சீட்டில்
வெந்தயக்கீரை வாடிக்கொண்டிருந்தது.
மொழிபெயர்ப்பாளர் எண்ணைச் சொன்னேன்.
என் பெயரை அவர்கள் கேட்பதில்லை,
அவள் பெயரை எனக்குச் சொல்வதுமில்லை.
ஷெப்பர்ட்டனில் பேரிக்காய் பொதிசெய்யும் வேலை.
பின்னால் பெல்ட் ஓடும் இரைச்சலுக்கு
மன்னிப்புக் கேட்டபோது அவளாகச் சொன்னது.

விதி ஒன்றுண்டு:
அவள் 'நான்' என்றால்
நானும் 'நான்' என்றே சொல்லவேண்டும்.
'இவர் சொல்கிறார்' என்று ஒதுங்கக்கூடாது.

தாதி ப்ரோன்வின் கேட்டாள்:
கருத்தரித்த மாதத்தில் எந்தக் கருத்தடை முறை?
கருத்தடை என்றேன்.
மறுமுனையில் பெல்ட் மட்டும் ஓடியது.
சுவரொட்டிக்காகச் செய்த சொல் அது,
படுக்கையறையில் யாரும் பேசிப் பழகாதது.
பிள்ளை தங்காமலிருக்க என்ன பாவிச்சனீங்கள்
என்று மாற்றிக் கேட்டேன்.

"குளிசைதான். ஒருநாளும் விடேல்லை.
சின்னவன் பள்ளிக்கூடத்தில தொத்தின வருத்தம்
எனக்கும் வந்து ரெண்டு நாள் சத்தி.
அதோட குளிசையும் போயிருக்கும்,
ஆர் கண்டது?"

வெக்கை தாங்காமல்
கண்ணாடியை நாலு விரல் இறக்கியிருந்தேன். என் பிழை.
நான் ஒருநாளும் தவறவிடவில்லை, என்றேன் ஆங்கிலத்தில்.
நான் வாந்தியெடுத்தேன். எனக்கு ஏழு வாரம்.
தர்ப்பூசணியோடு போன ஒருத்தி
நின்று, குனிந்து பார்த்து,
கட்டைவிரலை உயர்த்திச் சிரித்தாள்.
தலையாட்டினேன். வேறென்ன செய்ய.

திட்டமிட்ட கர்ப்பமா?
"திட்டம் எல்லாம் வீட்டுக்கடனுக்குத்தான்."
அதையும் அப்படியே சொன்னேன்.
"கலைக்கிறது எண்டு மட்டும் எழுத வேண்டாம்."
மேகம் கலையும், உறக்கம் கலையும்,
பந்தி முடிந்து கூட்டம் கலையும்.
ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு
இத்தனை வாசல் இல்லை;
வேறு எதுவும் எழுதப்படாது என்றாள் ப்ரோன்வின்,
காரணம் விளங்காமலே.

இனிமேல் எந்த முறை?
ஊசியா, கையில் வைக்கும் குச்சியா, லூப்பா,
பட்டியல் நீண்டது. அவள் இடைமறித்தாள்:
"அவருக்கு ஒண்டும் இல்லையோ?"
என் கணவருக்கு ஒன்றும் இல்லையா,
என்றேன், எட்டு வருடமாய்க் கணவனில்லாத நான்.
இருக்கிறது, இருபது நிமிட வேலை என்றாள் தாதி.
மூவரும் சிரித்தோம்.
அவள்தான் முதலில் நிறுத்தினாள்.
"வரமாட்டார்."

பதினாறு நிமிடம், நாற்பது விநாடி.
குறிப்பேதும் உண்டா என்று கேட்டது திரை.
இல்லை.

ஃபுட்ஸ்க்ரேயில், இருபத்திரண்டு வயதில்,
எனக்கும் ஒரு படிவம் நீட்டினார்கள். இதே கேள்வி.
நாங்கள் ஒன்றும் பாவிக்கவில்லை.
வெட்கத்தில் 'மாத்திரை' என்ற கட்டத்தில் குறியிட்டேன்,
அழுத்தி, காகிதம் கிழியும் அளவுக்கு.
எங்கோ ஒரு அட்டவணையில்,
குளிசை கைவிட்டவர்களின் வரிசையில்
இன்னமும் நிற்கிறேன், அவளுக்குப் பக்கத்தில்,
ஒரு நாளும் விடாதவளுக்குப் பக்கத்தில்.

அடுத்த அழைப்பு வந்தது. பல் மருத்துவமனை, ஒரு முதியவர்.
கண்ணாடியை முழுதாக ஏற்றிவிட்டுச் சொன்னேன்:
எனக்குக் கடைவாயில் வலிக்கிறது,
எப்போது தொடங்கியதென்று நினைவில்லை.