நகர்ந்து நில்லுங்கள், காஜியாரே

பழையபேட்டையில் தையற்கடைக்கு மேலே
பதினேழு படி.
ஒடிந்த கையோடு ஏறியவளுக்குத்தான்
எண்ணிக்கை ஞாபகம் இருக்கும்.

சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தீர்கள்
அரசாங்கம் உங்களைக் காஜியாக்கிய ஆணையை.
தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இதனால் கிடைக்காது
என்று அதிலேயே ஒரு வரி உண்டாம்.
வருகிறவர்களிடம் நீங்களே வாசித்துக் காட்டுவீர்கள்.
கேட்டுவிட்டு, "சரி ஹஜ்ரத், தீர்ப்புச் சொல்லுங்கள்" என்பார்கள்.

ஜட்கா குதிரைக்கு லாடம் அடித்தவரின் மகன்.
பன்னிரண்டு வயதில் தகரப் பெட்டியோடு வேலூர் போய்
ஒன்பது வருஷம் ஓதி வந்தவர்.
துஆ அரபியில், தீர்ப்பு உருதுவில்,
கணக்கு தமிழில்,
கோபம் வந்தால் மட்டும் தெலுங்கு.

சந்தூர் மாந்தோப்புப் பாகப்பிரிவினையை
ஊரே சொல்லும்.
அளந்த ஏக்கர் சரியாகத்தான் இருந்தது.
நீங்கள்தான் வெயிலில் போய் மரமரமாய் நின்று
தங்கைக்கு விழுந்ததெல்லாம் மலட்டு மரம்
என்று கண்டீர்கள்.
"மண்ணைப் பிரிக்காதே, காய்ப்பைப் பிரி."
அண்ணன்மார் தலைகுனிந்து மாற்றிக் கொடுத்தார்கள்.

அந்தக் கண்
என் கையைப் பார்க்கவில்லை.

அவன் லாரிக்காரன், சிரித்துப் பேசுவான்.
கிணற்றுப் படியில் விழுந்தாள் என்றான்.
மூன்று பேர் ஆமாம் என்றார்கள்.
எங்கள் வீட்டில் கிணறே கிடையாது.
அதை நீங்கள் கேட்கவில்லை;
கேட்காததற்குப் பதில் சொல்ல
எனக்கு அன்று துணிச்சல் இல்லை.
"சபர் செய்யம்மா" என்றீர்கள்,
முதல் தவணை, இரண்டாம் தவணை.
மூன்றாவதில்,
மஹரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போ என்றீர்கள்.
அவன் குற்றத்துக்கு
என் ஒன்றரைப் பவுன்.

பிறகு ஆறு மாம்பழக் காலம்.
கூழ் ஃபாக்டரியில் பெங்களூரா தரம் பிரிக்கிறேன்,
அழுகலை விரலே சொல்லும் எனக்கு.
ஒரு ஜூன் மாதம், ஷிஃப்ட் நடுவில்,
ஈக்களுக்கும் தோல் குவியலுக்கும் இடையில்
வெள்ளை ஜிப்பா.
அவனுடைய இரண்டாவது மனைவியும் படியேறினாளாம்,
அதே கிணற்றைச் சொன்னானாம்.

கைக்குட்டையில் முடிந்த பணம்.
"நான் தவறிவிட்டேன், குல்நார் பீ.
அல்லாஹ்விடம் கேட்டாயிற்று.
உன்னிடம் கேட்க வந்தேன்."

பின்னால் கிரேட் வண்டி வந்தது.
"நகர்ந்து நில்லுங்கள், காஜியாரே" என்றேன்.
நகர்ந்தீர்கள். ஜிப்பாவில் மாம்பழச் சாறு.
பணத்தை உங்கள் எதிரிலேயே எண்ணினேன்,
இரண்டு தரம்.
அது உங்களுக்கு வலித்திருக்கும்.
வலிக்கட்டும் என்றுதான் எண்ணினேன்.
நீங்கள் கேட்டதை
அன்றைக்குத் தரவில்லை.

உங்கள் ஜனாஸா போன மத்தியானம்
பெங்களூர் ரோட்டில் பஸ் எல்லாம் நின்றது.
மலைக்கோட்டைப் பக்கம் ஒரே தொப்பிகள்.
எனக்கு ஷிஃப்ட்.

போன வாரம், அக்கா மகளின் விவகாரத்துக்கு
மறுபடி அந்தப் பதினேழு படி.
புதியவர் இன்னும் உங்கள் பழைய பதிவேட்டில்தான் எழுதுகிறார்.
அச்சடித்த பக்கத்தில் ஆண் தரப்பு, சாட்சி, முடிவு.
எல்லாவற்றுக்கும் முன்னால், ஓரத்தில்,
ஸ்கேல் வைத்துப் பேனாவால் இழுத்த
இன்னொரு கட்டம்:
'பெண் சொன்னது.'
பக்கம் பக்கமாய்ப் புரட்டினேன்,
அந்த ஜூனிலிருந்து, உங்கள் கடைசி ரமலான் வரை.

கை நடுங்கியிருக்கிறது.
சில பக்கங்களில் கோடு கோணல்.