அரை அங்குலம்

உயரம் ஏறுகிறது, இறங்குகிறது.
முதுகு சாய்கிறது, நிமிர்கிறது.
முன்னும் பின்னும் மட்டும் மாட்டேன் என்கிறது சீட்.
தண்டவாளத்தின் கடைசியில் போய் உட்கார்ந்துகொண்டது,
மஞ்சப்பாவின் கால் நீளத்துக்கு.

நான் ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு.
திங்கள் காலை ஆறு மணி,
தொம்மலூர், இரண்டாம் அடித்தளப் பார்க்கிங்.
முதுகுக்கு இரண்டு தலையணை முட்டுக் கொடுத்து
கிளட்சை எட்டினேன்.
பின்சீட்டில் டாக்டரின் மாமியார்,
டயாலிசிஸுக்கு நேரமாகிறது,
என் பின்தலையைப் பார்த்தபடி ஜெபமாலை மாதிரி
பையின் ஜிப்பை உருட்டிக்கொண்டிருந்தார்.

மஞ்சப்பாவை நான் பார்த்ததில்லை.
ராத்திரி அவசரத்துக்கு அவர், பகலுக்கு நான்.
நாலு வருஷமாய் எனக்குத் தெரிந்தது
அவர் விட்டுப்போகும் தூரம் மட்டும்.
காலையில் ஒரு சாண் முன்னால் இழுப்பேன்.
இரவில் அதே சாணைப் பின்னால் தள்ளுவார்.
சில நாள் ஏலக்காய் வாசம்.
ஒருமுறை ஒற்றைத் தீக்குச்சி, எரியாதது.

ஞாயிறு, பூசை முடிந்து, ஸ்பேனர் பையோடு வந்தேன்.
ஃப்யூஸ் முதலில்: இருபது ஆம்பியர், மஞ்சள்.
வெளிச்சத்தில் பிடித்தால் கம்பி முழுசு.
சுவிட்சைப் பிரித்தேன். உள்ளே பழைய காபி
பிசினாகியிருந்தது. துடைத்தேன். ஒன்றுமில்லை.
அடியில் கைவிட்டு பிளக்கின் பச்சைக் களிம்பைச் சுரண்டினேன்
(பக்கத்திலிருக்கும் மஞ்சள் பிளக்கைத் தொடாதே,
அது ஏர்பேக், என்று எனக்கே அதட்டல்).
டெஸ்ட் பல்பு எரிந்தது. கரண்ட் வந்து சேர்கிறது.
காதை வைத்தேன்.
மோட்டார் ஓடுகிறது!
சில்க் போர்டு சிக்னலில் நிற்கிற வண்டி மாதிரி,
உள்ளே ஓட்டம், வெளியே ஓரடி இல்லை.

மோட்டாருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே
ஒரு முறுக்குக் கம்பி. அதன் நுனி சதுரம்.
சதுரம் உருண்டையாகியிருந்தது.

கணக்குப் போட்டிருக்க வேண்டாம்.
தினம் இரண்டு தரம், நாலு வருஷம்.
அவரும் நானுமாக மூவாயிரம் தடவை
ஒருவரை ஒருவர் திருத்தித் திருத்தி
நாலு மூலையையும் தின்றிருக்கிறோம்.

கம்பி தனியாக வராதாம்.
சட்டத்தோடு நாற்பத்தோராயிரம்.
பதினெட்டு வருஷ வண்டி, விற்கத்தானே போறோம்,
எப்படியாவது ஓட்டுங்க என்றார் டாக்டர்.
சிவாஜிநகர் குஜிரியில் இதே மாடல் சீட் கிடைத்தது,
இடப்பக்கத்துது. அதில் மோட்டாரே கிடையாது.
கழற்றலாமென்றால் பின் போல்ட்டு சீட்டுக்கு அடியில்:
நகர்ந்தால்தான் கழற்றலாம்,
கழற்றினால்தான் நகரும்.

கையால் திருகலாம்.
ஒருவர் பின்னால் படுத்துத் திருக,
ஒருவர் மேலே உட்கார்ந்து போதும் என்று சொல்ல.
வாட்ச்மேனிடம் நம்பர் வாங்கினேன்.

மஞ்சப்பா நான் நினைத்ததைவிட ஒல்லி.
குனிந்தே பழகிய கழுத்து.
"ஜெயராக்கினியா? இவ்ளோ சின்னவங்களா நீங்க?"
கோலார் தமிழ்.

இந்தப் பக்கம் எட்டுச் சுற்று, அந்தப் பக்கம் எட்டு,
இல்லாவிட்டால் சீட் கோணிக்கொள்ளும்.
நான் திருகினேன். அவர் உட்கார்ந்தார்.
"இன்னும் வரட்டும்."
எட்டு. எட்டு.
"இன்னும்."
முழங்கால் ஸ்டியரிங்கில் முட்டியது.
வலிக்குமே என்றேன்.
"ராத்திரி ரோடு காலிங்க. கிளட்ச் மிதிக்கிற வேலை கம்மி.
உங்களுக்குத்தான் சில்க் போர்டு."

மூன்று வாரம் கழித்து
சாவி கீழே விழ, எடுக்கக் குனிந்தேன்.
ஸ்டியரிங்கின் அடியில், கறுப்புப் பிளாஸ்டிக்கில்,
எட்டணா அகலத்துக்கு ஒரு பளபளப்பு.
பேன்ட் உரசி உரசி.

ஸ்பேனர் டிக்கியில்தான் கிடக்கிறது.
நாலு சுற்று இந்தப் பக்கம், நாலு அந்தப் பக்கம்.
கிளட்சுக்கு இப்போது நுனிவிரல்தான்.

பழக்கதோஷத்தில் சுவிட்சை அழுத்தினால்
அடியில் அது இன்னமும்
ஓடுகிறது.