ஆண்டு எழுதாத ஓலை

வாடை தள்ளிவந்த மரக்கலம்
கொட்டியாரக் குடாவில் நங்கூரம் போட்டது.
பாய் கிழிசல். கொடிமரம் மொட்டை.

"எந்த அரசன் கப்பல்?" என்றேன்.
சுங்க ஓலையில் அதுதான் முதல் வரி.
துபாசி மீரான் சீனத்தில் கேட்டான்.
மாலுமி கூ லியாங்
எட்டு விரல்களை மடக்கிக் காட்டினான்.

எட்டு வயதாம் அரசனுக்கு.
ஆயிரம் கலங்களைச் சங்கிலியால் பிணைத்துக்
கடலையே கோட்டையாக்கி நின்றார்களாம்.
வடக்கிலிருந்து வந்தவர்கள் குதிரைக்காரர்கள்,
அலை கண்டால் தலைசுற்றும் என்று நம்பினார்களாம்.
முதலில் தீர்ந்தது குடிதண்ணீர்.
உப்புநீரைக் குடித்துக் குடித்து வாந்தியெடுத்தது படை.
கடைசியில் மந்திரி
பையனை முதுகில் கட்டிக்கொண்டு குதித்தார்.

"அழுதானா?"
சுங்கத்துக்கு வேண்டாத கேள்வி.
மீரான் அதை மொழிபெயர்க்கவில்லை.

சதுரத் துளையில் கயிறு கோத்த செப்புக்காசுகள்.
ஒவ்வொன்றிலும் இல்லாத வம்சத்தின் பெயர்.
நிறுத்தேன். எடை சரி.
பட்டு பத்துக் கட்டு. பீங்கான் இருபது,
உடைந்தது நீங்கலாக.

கீழே நம் மன்னர் பெயரும் ஆட்சியாண்டும்
எழுத வேண்டும்.
எழுத்தாணி நின்றது.
தம்பலகாமத்து வயலை
இரண்டு படைகள் மிதித்துப் பதினோரு நாள்;
வென்றது யாரென்று
கோணேசர் மலைக்கு இன்னும் ஆள் வரவில்லை.

கூ லியாங் எட்டிப் பார்த்தான்.
எழுத்துத் தெரியாது அவனுக்கு,
வெற்றிடம் தெரிந்தது.
ஒன்றும் சொல்லாமல்
காலிக் குடத்தைத் தூக்கிக் காட்டி
கிணறு எந்தப் பக்கம் என்று கேட்டான்.