அரைப்பேர்

"உங்கள் பெயர் நீக்கப்பட்டு எண் வழங்கப்படும்."
மூன்றாம் பக்கத்தில் நான் இதை வாசித்ததும்
சந்தனமாரி பேனாவை மூடி
மேசையில் வைத்தாள்.

"என்னாத்துக்குப் பேர வெட்டுறீங்க?"

ஊசிமலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு.
பிள்ளைக்காம்பராவில் தொட்டில்களை ஒதுக்கி
மேசை போட்டிருந்தோம்.
இங்கே பேர் என்பது கூப்பிடுவதற்கல்ல.
பதினெட்டுக் கிலோ நிறுத்தால் பேர்.
தராசு முள் கொஞ்சம் முன்னால் நின்றால் அரைப்பேர்,
அரைச் சம்பளம்.
படிவத்தைத் தமிழாக்கியது நான்தான்.
எட்டாம் நம்பர் லயத்தில் பிறந்த எனக்கே
அது உறைக்கவில்லை.

"அந்தப் பேர் இல்லக்கா, இது வந்து..."
இது வந்து எந்தப் பேர் என்று
சொல்லத் தெரியாமல் இழுத்தேன்.
அவளே இரக்கப்பட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

எண் நூற்றுப் பன்னிரண்டு.

டொக்டர் எக்கநாயக்க கீழிமையை இழுத்துப் பார்த்தார்.
சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில்
துவைத்துத் துவைத்து வெளுத்த துணி.
விரல் நுனியில் ஒரு குத்து. எட்டு புள்ளி ஆறு.
நாத்தனார் கோமளேஸ்வரிக்கு ஆறு புள்ளி ஒன்பது.
ஏழுக்குக் கீழே ஆய்வில் சேர்க்க விதியில்லை,
டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தோம்.
அவள் அதை நான்காய் மடித்தாள்.
நாங்கள் அடுத்த ஆளைக் கூப்பிட்டோம்.

கேள்வி சின்னது:
தினமும் இரும்பு தின்றால்தான் இரத்தம் ஊறுமா,
ஒன்றுவிட்ட ஒரு நாள் போதுமா?
ஆகவே இரண்டு வகை வில்லை அட்டை.
ஒன்றில் எல்லாமே இரும்பு.
மற்றதில் ஒரு நாள் இரும்பு, ஒரு நாள் வெறும் மா.
நிறம் ஒன்று, கசப்பும் ஒன்று.
யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது,
டொக்டருக்கும் தெரியாது.
பேராதனையில் ஓர் அலமாரிக்குத் தெரியும்.

நூற்றுப் பன்னிரண்டு ஒரு வில்லையும் மிச்சம் வைக்கவில்லை.
காலியான அட்டைகளை ரப்பர் போட்டுக் கொண்டுவருவாள்.
"ஒழுங்கு" என்று ஒவ்வொரு முறையும் எழுதினேன்.

எட்டாம் வாரம் அவள் வரவில்லை.
தேடிக்கொண்டு லயத்துக்கு ஏறினேன்,
இரத்தம் ஊறவைக்கும் அட்டை பையில்,
குடிக்கும் அட்டை காலில்.

கதவருகே பலசரக்குக் கடை நாட்காட்டி.
கட்டத்துக்குக் கட்டம் பென்சிலில்
ச. கோ. ச. கோ. ச. கோ.

"அவளுக்கும் இதே கிறுகிறுப்புதானே," என்றாள்.
"நான் மட்டும் எப்படி முழுங்குறது?"
கண்ணாடிச் சட்டத்தில் செருகியிருந்தது துண்டு,
நான்காய் மடித்தபடியே.
டிக்கோயாவுக்குப் போனால் ஒரு பேர் போகும்.

படியில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன்.
முதல் வகை என்றால் இருவருக்கும் பாதி.
இரண்டாவது என்றால்
ஒருத்தி இரும்பு முழுவதையும் தின்றிருக்கிறாள்,
மற்றவள் எட்டு வாரமாய் மா.
எவள்?

கோமளேஸ்வரி உள்ளே படுத்திருந்தாள்.
நல்ல கொழுந்துக் காலத்தில், பட்டப்பகலில்.
அதற்கு விரலைக் குத்திப் பார்க்க வேண்டியதில்லை.

டொக்டருக்குப் போனில் சொன்னேன்.
வெகுநேரம் மழை இரைச்சல் மட்டும்.
பிறகு ஒவ்வொரு தமிழ்ச் சொல்லாகத் தேடியெடுத்து,
"பிழை நம்ம பக்கம். ஜீப் வருது.
ரெண்டு பேரையும் ஏத்து," என்றார்.

ஆய்விலிருந்து விலகிய காரணம்:
பக்கவிளைவு, இடமாற்றம், மரணம், வேறு.
வேறு என்பதற்கு எதிரே இரண்டு விரற்கடை இடம்.
"பகிர்ந்து உண்டார்" என்று எழுதினேன்,
வளைவுக்கு வளைவு எழுத்து கோணியது.

பின்சீட்டில் கோமளேஸ்வரி
கண்ணைத் திறக்காமலே கேட்டாள்:
"இன்னைக்கு எனக்குப் பேர் விழுமா, அண்ணி?"

"பேசாம வா."