காரணம் என்ற கட்டம்

யோர்க் வீதி, மூன்றாம் மாடி.
கதவில் என் பெயரை ஒட்டிய பசை
இன்னும் காயவில்லை.
பக்கத்தில், 'பதிவேடுகள்' என்ற பழைய பலகையின்
ஆணி ஓட்டைகள் இரண்டு.

மொராயஸ் கதவைத் தட்டுவதில்லை.
கோப்பறையாய் இருந்த காலத்திலும்
தட்டியதில்லையாம்.
இருபத்தாறு வருஷம் இந்தக் கந்தோரில்.
கொள்கலன் இலக்கங்களும்
கப்டன்மாரின் பிறந்தநாள்களும் மனப்பாடம்.
கூட்டத்தில் நான் வாய் திறந்தால்
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.
நான் முடித்ததும் போட்டுக்கொள்வார்.
அவ்வளவுதான்.
மற்ற ஐந்து பேரும் அந்தத் துணியையே பார்ப்பார்கள்.

மின்னஞ்சல் என்றால் ஒற்றை வரி,
எம்.டி.க்கும் ஒரு பிரதி:
"மகள், இது இப்படி இல்லையே."
மகளாம்.

நூறாம் இலக்க பஸ்ஸில்
கொள்ளுப்பிட்டி தாண்டும்வரை
அவருக்கான பதில்களைச் சொல்லிப் பார்ப்பேன்.
பம்பலப்பிட்டியில் அவை கூர்மையாகும்.
வெள்ளவத்தையில் இறங்கிய பிறகுதான்
மிச்சக் காசு வாங்காதது நினைவு வரும்.

நேற்று, பத்தரை மணி.
தட்டினார்.
கையில் லீவுப் படிவம். ஒரு நாள், வெள்ளி.
'காரணம்' என்ற கட்டத்தில்
பேனையை வைத்து எடுத்த
ஒரு புள்ளி மட்டும்.
"இருங்கோ" என்றேன். இருக்கவில்லை.
"பார்த்துச் சொல்லுறன்."

சாப்பாட்டுப் பெட்டிக்குக் கீழே வைத்தேன் அதை.
பன்னிரண்டுக்கு ஒருமுறை
என் கண்ணாடிக் கதவைக் கடந்து போனார்.
இரண்டரைக்கும்.
நான் திரையில் எதையோ
பெரிதாக்கிக்கொண்டும் சிறிதாக்கிக்கொண்டும்.
பிளேன்ரீ சிந்திய றிஸ்கானிடம்
"கண் தெரியாதா உனக்கு?" என்றேன்.
பையன் தன் சட்டைக் கையாலேயே
மேசையைத் துடைத்தான்.

அந்தக் குரலை அவர்மேல் போடத்தான் பார்த்தேன்.
முடியவில்லை.
மொராயஸ் அவனை ஒருநாளும் ஏசியதில்லை.

நாலே முக்காலுக்கு ஒப்பமிட்டேன்.
காரணம் கேட்கவில்லை.
பெருந்தன்மை ஒன்றுமில்லை;
சொல்லிவிட்டாரென்றால்
திங்கட்கிழமை அவரோடு
எப்படிக் கோபமாயிருப்பது?

படிவத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
"மகள், திகதி பிழை. இண்டைக்குப் பதினேழு."
வெட்டி, பக்கத்தில் பதினேழு போட்டு
இன்னொரு சின்ன ஒப்பம் வைத்தேன்.

இன்று வெள்ளி.
காலைக் கூட்டத்தில்
ஐந்து பேரும் என் முகத்தையே பார்த்தார்கள்.
எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை எனக்கு.
கொஞ்ச நேரம்
அந்த வெறுங்கதிரையைப் பார்த்துப் பேசினேன்.