ஒன்பது சென்டிமீட்டர்

சாட்ஸ்வர்த்தில் சரிவான தெரு எங்களுடையது.
முன்னாலிருந்து பார்த்தால் ஒரு வீடு,
பின்னாலிருந்து பார்த்தால்
அதற்கடியில் இன்னொன்று.
அந்த இன்னொன்றுக்குத்தான்
அனுமதி கேட்டு அலைகிறேன்.

வரைபடம் போடும் சாகரன்
டேப்பை நிமிர்த்திப் பிடித்தார்.
இரண்டு மீட்டர் முப்பத்தொன்று.
இரண்டு நாற்பது இருந்தால்தான்
மனுஷர் தங்கும் அறையாம்.
"ஒன்பது சென்டிமீட்டர்தான் அக்கா,
இல்லாட்டி சாமான் அறைன்னு எழுதணும்."

டர்பன் மாநகராட்சி அலுவலகத்தில்
மின்வெட்டு.
இருட்டில் எல்லாரும் சீட்டைப் பிடித்தபடி
செல்போன் வெளிச்சத்தில்
அவரவர் எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம்,
மாறிவிடும் என்பதுபோல.
மூன்றாவது நாள் பழைய வரைபடம் கிடைத்தது.
அதில் எங்கள் பெயர் இல்லை,
தெருவுக்கே சேர்த்து ஒரே வீடு வரைந்திருந்தார்கள்,
வகை எண் போட்டு.
கேட்டோ மேனரிலிருந்து மாமனாரை
லாரியில் கொண்டுவந்து இறக்கியபோது
பக்கத்து வீட்டுக்காரர் சம்மதம்
யாரும் கேட்கவில்லை.
இப்போது மூன்று கையெழுத்து வேண்டும்.

இரண்டு கிடைத்தன.
கீழ்வீட்டு ஜகதீசன் நாயுடு
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்:
"யாரை வைக்கப் போறீங்க?"
"படிக்கிற பொண்ணு ஒண்ணு."
பெயரை அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
கையெழுத்து அழகாக இருந்தது.

நொன்டொபெகோ
ஐந்து மாதமாய்க் கீழேதான் இருக்கிறாள்.
நர்ஸ் பயிற்சி, பாதி நாள் இரவு வேலை.
காலையில் அவள் தூங்கப்போகும்போது
என் தலைக்குமேல் தையல் மெஷின் ஓடக்கூடாது
என்று கேட்டதில்லை.
தலைக்குமேல் இல்லை, அவள் தலைக்குமேல்.
பார், வீட்டில் யார் எங்கே என்பது
எனக்கே குழம்புகிறது.

இன்ஸ்பெக்டர் வருகிற நாள்
கட்டிலை நிமிர்த்திச் சுவரோடு சாய்த்தோம்,
அடுப்பின்மேல் பெயின்ட் டின்களை அடுக்கினோம்,
அவளை மாடியில் உட்காரவைத்து
டீ கொடுத்தோம், விருந்தாளி மாதிரி.
செலே என்கிற அந்த ஆள் உயரம்.
குனியாமல் நுழைந்தார், தலை தட்டவில்லை.
அதை ஒரு சாட்சியாகச் சொல்லலாமா என்று யோசித்தேன்.
"இது ஸ்டோர்தானே?"
"ஆமாம்."
தொட்டிக்குள் ஒரு பல்துலக்கி கிடந்தது,
ஈரமாக.
எடுத்தார்.
குவளையில் நேராக நிறுத்தினார்.
பிறகு ஜன்னலை அளக்கப் போனார்.
"சின்னது," என்றார், "தரையையும் இறக்கணும்."
வேறொன்றும் சொல்லவில்லை.
அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை,
மாட்டிக்கொண்டிருந்தால் வந்திருக்கும்.

பதினொரு நாள் தோண்டினார்கள்.
தரைக்கடியில் புதையல் ஒன்றுமில்லை,
செங்கல் தூள், துருப்பிடித்த குழாய்,
அப்புறம் தண்ணீர்.
தண்ணீருக்குத் தனி ரசீது.
அந்தப் பதினொரு நாளும் அவள்
எங்கள் சோபாவில் படுத்தாள், கால் வெளியே நீட்டி.
மாதக் கடைசியில் முழு வாடகையையும் எண்ணி வைத்தாள்.
பாதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது.
சிமென்ட் விலை நினைவு வந்தது.
வாங்கிக்கொண்டேன்.

இப்போது படி ஒன்று கூடுதல்.
என் கால் இன்னும் பழகவில்லை,
கடைசியில் காற்றை மிதித்துத் தடுமாறுகிறேன்.
முத்திரை வரவில்லை. "பரிசீலனையில்" என்கிறார்கள்,
போன் எடுக்கிற பெண்ணின் குரல்
இப்போது எனக்குத் தெரிந்த குரலாகிவிட்டது.

புது வரைபடத்தில் சாகரன்
ஒரு கட்டில் வரைந்திருக்கிறார்,
தலையணையோடு, பெரிய ஜன்னலுக்குக் கீழே.
அழகாக இருக்கிறது என்று அவளிடம் காட்டினேன்.
ரொம்ப நேரம் பார்த்தாள்.
"அந்தப் பக்கம் சுவர் ஓதம்," என்றாள்.
கட்டிலை எதிர்ச்சுவரோரம் போட்டிருக்கிறாள்.